கொடை நோட்டீஸும் லினக்ஸ் மிண்ட்டும்: அம்பாசமுத்திரத்துல ஒரு டிடிபி கடைக்காரியோட ஒண்ணரை வருஷக் கணக்கு

பங்குனி உத்திரத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்க கடையில நிக்க இடம் கிடைக்காது. சாஸ்தா கோயிலுக்குப் போற குடும்பங்க, வீட்டுக்கு இவ்வளவுன்னு போடுற கோயில் வரிக்கு நோட்டீஸ் அடிக்க வரும். அது முடிஞ்ச கையோட சித்திரை, வைகாசிக் கொடைக்காரங்க (கொடைன்னா எங்க பக்கத்துல ஊர்க்கோயில் திருவிழா) வருவாங்க. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலுக்கு வேன் விடுறவங்க பேனருக்கு வருவாங்க. ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ, ஆன்லைன் அப்ளிகேஷன்னு போர்டுல எல்லாம் எழுதியிருக்கோம். ஆனா சோறு போடுறது நோட்டீஸ்தான்.

அப்பேர்ப்பட்ட கடையில 2024 ஆடி முடிஞ்ச பிறகு விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மிண்ட் 22-ங்கிற இலவச இயங்குதளத்தை ஏத்தினேன். அதுலதான் இப்பவும் பொழப்பு ஓடுது. “நம்ம தொழிலுக்கு அது ஆகுமா?”ன்னு போன்ல கேக்குற கடைக்காரங்களுக்கு ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. அதான் எழுதிட்டேன்.

மாத்துனதுக்குக் காரணம் கொள்கை ஒண்ணும் இல்ல. துட்டுதான். கடை கம்ப்யூட்டர் இன்டெல் நாலாம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவு முடியுதுன்னு சொல்லிட்டாங்க. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்புச் சிப்பு வேணும், இன்டெல்னா எட்டாம் தலைமுறையாவது இருக்கணும். மெக்கானிக் தம்பி பைய வந்து பாத்துட்டு, “புதுசா வாங்கிருங்கக்கா, முப்பத்தஞ்சாயிரம் ஆவும்”னுட்டுப் போயிட்டான். பாளையங்கோட்டையில படிக்கிற எங்க அக்கா மவன்தான், “சித்தி, ஒரு எஸ்எஸ்டி மட்டும் வாங்குங்க, மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்”னான். 240 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணு, பழைய ராம் ஒண்ணு வாங்கி 8 ஜிபி ஆக்கினோம். ரெண்டாயிரத்துச் சொச்சத்துல முடிஞ்சுது.

லினக்ஸ்ங்கிற பேரு எனக்குப் புதுசு இல்ல. அரசாங்கம் இலவச லேப்டாப் கொடுத்த காலத்துல என் தம்பிக்கு வந்த மிஷின்ல விண்டோஸ் பக்கத்துலயே போஸ் லினக்ஸும் இருந்துது. மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கோட சென்னை மையத்துல, டெபியன்ங்கிற இன்னொரு லினக்ஸை வெச்சுச் செஞ்சது. வீட்டுல ஒருத்தரும் அதத் திறக்கல. நானும்தான்.

ஏத்துறதப் பத்திப் பெருசாச் சொல்ல ஒண்ணும் இல்ல. பென்டிரைவ்ல இருந்தே ஓட்டிப் பாக்கலாம், அதுவரைக்கும் உள்ள இருக்கிற டிஸ்க்கைத் தொடாது. அல்வாக் கடையில கையில ஒரு விள்ளல் வெச்சுத் தின்னு பாக்கச் சொல்லுவாங்கல்ல, அந்த மாதிரி. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் தொடங்கி டீக்குள்ள முடிஞ்சுது. சாயங்காலம் எழுந்த தலைவலியெல்லாம் தமிழ் டைப்பிங்ல வந்தது.

மிண்ட்ல தமிழ் தானா வந்து உக்காராது. மொழி அமைப்புக்குப் போகணும், தமிழ்ல டைப் பண்ண உதவுற ஐபஸ்ஸைப் போடணும், எம்17என்னு ஒரு பொதி இருக்கு, அதையும் போட்டு லாக் அவுட் பண்ணித் திரும்ப உள்ள போகணும். முதல் தடவை செய்றவங்களுக்கு இது ஒரு தண்டனை. ஆனா வந்த பிறகு விசைப்பலகைப் பட்டியலப் பாத்தா தமிழ்99 இருக்கு, பேச்சொலி இருக்கு, பழைய டைப்ரைட்டர் விசைப்பலகைகூட இருக்கு. நான் டைப்ரைட்டிங்ல தமிழ் ஹையர் பாஸ் பண்ணவ. ஆனாலும் தமிழ்99-க்கு மாறிட்டேன். உயிரெழுத்து இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. ஒரே எழுத்த ரெண்டு தரம் தட்டினா முன்னால உள்ளதுக்குத் தானா புள்ளி விழும். “பக்கம்”, “அப்பா”ன்னு அடிக்கையில புள்ளிக்குன்னு விரல் தனியா ஓட வேண்டியதில்ல. மூணு வாரம் விரல் தடுமாறுச்சு. நாலாவது வாரம் பழைய வேகம் வந்துட்டு.

இனி சொல்லப்போறதுதான் முக்கியம். டிடிபிக்காரங்க கவனமாப் படிங்க.

பதினஞ்சு வருஷம் நான் அடிச்சதெல்லாம் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவுல. ஸ்கிரீன்ல “அம்மா”ன்னு தெரியும். ஆனா கம்ப்யூட்டருக்கு உள்ள அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அவ்வளவுதான். இங்கிலீஷ் எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை மாட்டி விட்ட மாதிரி. சட்டையக் கழட்டுனா தமிழே கிடையாது. அதனால தேடவும் முடியாது. போன வருஷத்து நோட்டீஸ் வேணும்னா ஃபைல் பேரு ஞாபகம் இருக்கணும். நாம என்ன பேரு வெச்சிருப்போம்? “கொடை நியூ”, “கொடை நியூ ஃபைனல்”, “கொடை ஃபைனல் 2 கரெக்ஷன்”. ஒரு கொடைக்கு ஏழு ஃபைல்.

மிண்ட்டுக்கு வந்தப்ப, அதுவரைக்கும் பக்கம் வடிவமைச்ச பேஜ்மேக்கர் அதுல இல்ல. வேற வழியில்லாம, தமிழைத் தமிழாவே சேமிக்கிற யூனிகோடுக்குப் போனேன். பழைய பேஜ்மேக்கர் ஃபைல்களை மிண்ட்டோட வர்ற லிப்ரே ஆபீஸே திறக்குது. வரிசை கலையும், படம் நகரும், ஆனா எழுத்து கிடைக்கும். அந்த எழுத்தை யூனிகோடா மாத்த ஓப்பன்-தமிழ்னு ஒரு பைத்தான் நிரலகம் இருக்கு, சும்மா கிடைக்குது. அக்கா மவன் அத வெச்சு இருபது வரியில ஒரு நிரல் எழுதிக் கொடுத்தான். ஆயிரத்துச் சொச்சம் ஃபைலும் ஒரே ராத்திரியில மாறிட்டு. காலையில வந்து பாத்தா, நடுநடுவுல இங்கிலீஷ்ல அடிச்சிருந்த கடைப் பேருகளும் தமிழாகி, எந்தப் பாஷைன்னே தெரியாத வார்த்தையா நிக்கி. அத ஒவ்வொண்ணாத் திருத்த ரெண்டு மாசம் ஆச்சு. அதுக்குக் குறுக்கு வழி ஒண்ணும் கிடைக்கல.

இன்னொரு கூத்து. எந்தக் கொடை நோட்டீஸும் பிள்ளையார் சுழிக்கு அடுத்து “ஸ்ரீ”ன்னுதான் தொடங்கும். ஸ்ரீ சுடலைமாடசுவாமி துணை, ஸ்ரீ முத்தாரம்மன் துணை. தேடுனா சிலது வருது, சிலது வரல. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. பிறகுதான் தெரிஞ்சுது, யூனிகோடுல ஸ்ரீயை ரெண்டு விதமா எழுதலாம்னு. ஸ-வை வெச்சு எழுதுறது பழைய வழி. 2005-ல யூனிகோட் 4.1-ல ஶ-ன்னு தனி எழுத்து வந்துது, அத வெச்சு எழுதுறதுதான் முறையானது. நம்ம ஃபைல்கள்ல ரெண்டும் கலந்து கிடக்கு. இப்ப நான் ஸ்ரீயை விட்டுட்டு சாமி பேரையே தேடுறேன். அவருக்கு ஒரே எழுத்துதான்.

போன மாசம் வழக்கமா வர்ற அண்ணாச்சி ஒருத்தர் வந்தார்.

“தாயி, போன வருசம் அடிச்ச நோட்டீஸ்லயே தேதிய மட்டும் மாத்திக் குடு.”

“எந்தக் கோயில் அண்ணாச்சி?”

“என்னம்மா இப்படிக் கேட்டுட்டே! நம்ம கோயில்தான்.”

இந்த ஊர்ல எல்லாருக்கும் அவங்கவங்க கோயில் “நம்ம கோயில்”. “கணியான் கூத்து உண்டா?”ன்னு கேட்டேன். உண்டுன்னார். “கணியான்”னு தட்டினேன், பதினாலு ஃபைல் வந்துது. அவரு பேரையும் சேத்துத் தட்டினேன், மூணு வந்துது. மூணுலயும் தலைக்கட்டு வரிப் பட்டியல்ல அவரு பேரு இருக்கு. அதுல ஒண்ணு 2011-ல அடிச்சது. “அதுல எம்புட்டு வரி போட்டிருக்கு?”ன்னு எட்டிப் பாத்து, பக்கத்துல நின்னவர்கிட்ட விலைவாசிய இழுத்துட்டார். அந்தப் பேச்சு முடியிறதுக்குள்ள நான் தேதிய மாத்தி, மதியக் கொடை, சாமக் கொடை நேரத்தையும் சரிபாத்து, பிரிண்ட் கொடுத்துட்டேன். மிண்ட்டுக்கு நான் மார்க் போடுறது வேகத்துக்கு இல்ல, சும்மா கிடைக்குதுங்கிறதுக்கும் இல்ல. இந்தத் தேடலுக்குத்தான். யூனிகோட் விண்டோஸ்லயும் உண்டுன்னு நீங்க சொல்லலாம். உண்டு. ஆனா பேஜ்மேக்கர் கைக்கெட்டுற தூரத்துல இருந்திருந்தா நான் சென்மத்துக்கும் மாறியிருக்க மாட்டேன்.

பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ். அதுவும் சும்மாதான், இறக்கும்போது பதிப்பு எண்ணப் பாத்துக்கிடுங்க. பழைய 1.4-ல தமிழ் போட்டா கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிக்கும். 2024 ஜனவரியில வந்த 1.6-ல தமிழ் ஒழுங்கா வருது. நாலு நிறம் பிரிச்சு அச்சகத்துக்கு வேண்டிய பிடிஎஃப்பும் கொடுக்குது. ரெண்டு தடவை சிவகாசிக்குக் காலண்டர் வேலை அனுப்பினேன், குறை சொல்லித் திருப்பி அனுப்பல. பேனருக்கும் கல்யாணக் கார்டுக்கும் இன்க்ஸ்கேப். போட்டோ வெட்ட கிம்ப். பேஜ்மேக்கர்ல கண்ண மூடிட்டுச் செய்ற வேலைய ஸ்கிரைபஸ்ல மெனுவுக்குள்ள போய்த் தேடணும், நீளமான பட்டியல்னா முக்கிமுக்கி நகரும். அத ஒத்துக்கிடணும்.

எழுத்துருவுக்குப் பஞ்சமே இல்ல. முக்தா மலர், பலூ தம்பி, ஹிந்த் மதுரை, காட்டமரான், கவிவனார், பவனம், மீரா இனிமை எல்லாம் கட்டற்ற உரிமத்துல கிடைக்குது. தலைப்புக்குப் பலூ தம்பி போட்டா தூரத்துல நின்னே படிக்கலாம், ஆட்டோவுல ஒட்டுறவங்களுக்குப் பிடிக்கி. வரிப் பட்டியலுக்கு முக்தா மலர்.

பென்டிரைவ் சங்கதியும் சொல்லணும். காலேஜ் பிள்ளைங்க கொண்டு வர்ற பென்டிரைவ்ல பாதிக்கு ஷார்ட்கட் வைரஸ் இருக்கும். “அக்கா, ப்ராஜெக்ட் காணும்”னு அழுகாத குறையா நிக்கும். மிண்ட்ல செருகினா, மறைச்சு வெச்ச ஃபோல்டர் பேரில்லாம மொட்டையா அப்படியே கண்ணுல தெரியுது, உள்ள ப்ராஜெக்ட் பத்திரமா இருக்கு. அந்த ஷார்ட்கட்டும் வைரஸும் பக்கத்துல செத்த பாச்சை மாதிரி கிடக்கு. அழிச்சுட்டுக் கொடுக்கேன். இதுக்குக் காசு வாங்குறதில்ல. அதுங்க எல்லாம் பைண்டிங்குக்கு நம்மகிட்டயே வருது.

இனி குறை. பிரிண்டர்.

எங்க பழைய சின்ன லேசர் பிரிண்டர், கம்பெனி பேரு வேண்டாம், மிண்ட்ல ரெண்டு நாள் ஓடுச்சு. மூணாம் நாள் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு பேப்பரை இழுக்கும், வெள்ளையாத் துப்பும். பிரிண்டரை ஓட்டுற டிரைவர் மென்பொருள் மூடுன பொட்டி, யாராலயும் உள்ள பாத்துச் சரி செய்ய முடியாது. டைம்ஷிஃப்ட்னு மிண்ட்டோடயே வர்ற ஒண்ணு இருக்கு, சிஸ்டத்த நேத்திக்கு இருந்த நிலைக்குக் கொண்டு போயிரும். அதுல திரும்பிப் போனா இன்னும் ரெண்டு நாள் ஓடும். கடைசியில சவத்தை விட்டுட்டு, எச்பி பழசு ஒண்ணு வாங்குனேன். அதுக்கு எச்பிலிப்னு கம்பெனியே திறந்த மூலத்துல டிரைவர் கொடுக்குது. வயரைச் செருகுனதும் வேலை செஞ்சுது.

சிரிப்பு என்னன்னா, இந்த லினக்ஸ் கதை முழுசுமே ஒரு பிரிண்டர்லதான் தொடங்குச்சு. 1980 வாக்குல அமெரிக்காவுல எம்ஐடி லேபுக்கு ஒரு ஜெராக்ஸ் லேசர் பிரிண்டர் வந்துது. பேப்பர் சிக்குனா எல்லாருக்கும் சேதி போற மாதிரி பழைய பிரிண்டருக்கு ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரல் மாத்தி வெச்சிருந்தார். புதுசுக்கும் அதையே செய்யலாம்னு மூலநிரல் கேட்டா, தர முடியாதுன்னுட்டாங்க. அந்தக் கடுப்பும் சேந்துதான் 1983-ல, யாரும் உள்ள பாத்துத் திருத்திக்கிடுற மென்பொருளுக்காக குனு திட்டம் வந்துது. 1991-ல லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸோட மையமான கெர்னலை எழுதினார். பேப்பர் ஜாம் எடுத்து எடுத்து விரலெல்லாம் டோனர் கறுப்பு ஏறுன எனக்கு ஸ்டால்மனோட கோவம் நல்லாவே புரியுது.

இன்னும் ரெண்டு விஷயம் இதுல ஆகாது. எங்ககிட்ட இருக்கிற ஆதார் கைரேகைக் கருவிக்கு விண்டோஸ் மென்பொருள்தான் வந்துது. கணக்குக்கு டேலி வேணும்னா அதுவும் விண்டோஸ்தான். அதனால மூலையில ஒரு விண்டோஸ் லேப்டாப் இன்னும் இருக்கு. முழுசா மாறிட்டேன்னு சொன்னா பொய்.

போனையும் விடல. பழைய போன் ஒண்ணுல, ஆண்ட்ராய்டை வெச்சுச் செஞ்ச லீனியேஜ் ஓஎஸ் போட்டேன். முன்னால இருந்த சயனோஜென்மாட்ங்கிற அதே மாதிரித் திட்டம் 2016 கடைசியில நின்ன பிறகு அதுல இருந்து வந்தது. கம்பெனி கைவிட்ட போனுக்குப் புது ஆண்ட்ராய்டு கிடைச்சுது, போன் பறக்கு. ஆனா பேங்க் ஆப் ஒண்ணு உள்ளயே விடமாட்டேங்கி. யூபிஐ இல்லாம கடை நடத்த முடியுமா? இப்ப அது பாட்டுக் கேக்கவும், கேடிஇ கனெக்ட்ங்கிற ஆப் வழியா போட்டோவ கம்ப்யூட்டருக்கு அனுப்பவும் மட்டும். வேற ஓஎஸ் ஏத்துறதுக்காகப் போனோட பூட்லோடர் பூட்டைத் திறக்கும்போது உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சிரும், முதல்லயே எடுத்து வெச்சுக்கிடுங்க. நான் எடுத்து வைக்கல. எங்க மைனி வளைகாப்புப் போட்டோ போயிட்டு. அந்தப் பேச்சு இன்னும் ஓயல.

அஞ்சுக்கு நாலு கொடுப்பேன். வெறும் டைப்பிங், ஜெராக்ஸ், நோட்டீஸ்னு நடத்துற கடைக்குத் தாராளமாப் போடலாம். 4 ஜிபி ராம் இருந்தா மிண்ட்டோட இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பப் போடுங்க, 8 இருந்தா சின்னமன் பதிப்பே போடலாம். மிண்ட் 22-க்கு 2029 வரைக்கும் அப்டேட் வரும். உங்க பிரிண்டர் மாடல் லினக்ஸ்ல ஓடுமான்னு பாத்துட்டுத்தான் மத்த வேலையில இறங்கணும். அம்பை, கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் பக்கம் யாருக்காவது வேணும்னா 8 ஜிபி பென்டிரைவ் கொண்டு வாங்க, ஏத்தித் தர்றேன், காசு வேண்டாம். ஆனா பங்குனி உத்திரம் முடியிற வரைக்கும் கடைப் பக்கம் வந்துராதீங்க.