அத்தரா, ஸ்ப்ரேயா? கத்திரி வெயிலில் பார்த்த கணக்கு

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் குடியிருந்து அம்பாசமுத்திரத்தில் வேலை பார்க்கும் எனக்கு, வாசனை என்பது காலை ஏழரை மணிக்குப் பூசினால் மதியச் சாப்பாட்டு வேளை வரை உடம்பில் இருக்க வேண்டிய ஒன்று. நான்கு ஆண்டுகள் மருந்துக் கடை ஸ்ப்ரேயையும், பின்னர் இரண்டு ஆண்டுகள் மேலப்பாளையத்தில் வாங்கிய அத்தரையும் பயன்படுத்தியபின் அத்தர் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

ஸ்ப்ரே எங்கும் கிடைக்கும், கறை விடாது. இவற்றை விளக்க வேண்டியதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற பளிச்சென்ற மணங்களுக்கும் அதுவே தக்கது. 1709இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் தொடங்கப்பட்ட ஃபரினா நிறுவனம் பெயர் பெற்றது அத்தகைய மணங்களால்தான்.

என் முடிவைத் தீர்மானித்தது நிலைப்பு ஒன்றே. ஸ்ப்ரேயில் பெரும்பகுதி எத்தனால். அது தோலில் பட்டதும் ஆவியாகி மணத்தையும் உடன் தூக்கிச் செல்வதால்தான், அடித்த கணத்தில் பக்கத்திலிருப்பவர் திரும்பிப் பார்க்கிறார். வெயிலில் சூடேறிய தோலில் இது இன்னும் விரைவாக நடக்கும். பேருந்து சேரன்மகாதேவியைத் தாண்டுவதற்குள் என் சட்டையில் வியர்வை மட்டுமே மிஞ்சியிருக்கும்.

அத்தரின் அடிப்படையோ எண்ணெய். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில், பூவையும் வேரையும் செம்புக் கலத்தில் நீருடன் காய்ச்சி, எழும் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவது மரபு. எண்ணெய் எளிதில் ஆவியாகாமல் மணத்தைப் பிடித்து வைத்து, உடல் சூட்டுக்கேற்பச் சிறிது சிறிதாக விடுகிறது. ஆகவே ஸ்ப்ரேக்குப் பகையான அதே வெயில் இதற்குத் துணையாகிவிடுகிறது. வேனிலில் தலைவி பொதியில் மலைச் சந்தனம் போலக் குளிர்ந்தவள் என்று குறுந்தொகையின் 376ஆம் பாடல் சொல்வதன் அருமை, மே மாதப் பேருந்தில் உட்கார்ந்திருப்பவருக்கே நன்றாக விளங்கும்.

நான் வழக்கமாகப் பூசுவது வெட்டிவேர் அத்தர். (வெளிநாட்டு ஸ்ப்ரே பெட்டிகளில் அச்சாகும் 'வெட்டிவர்' என்ற சொல்லும் நம் வெட்டிவேரிலிருந்து போனதுதான்.) இரு மணிக்கட்டிலும் ஒவ்வொரு தொடுதல் போதும், மதியம் கை கழுவும்போதும் மண்ணும் வேரும் கலந்த வாசம் எழுகிறது. ஆறு மில்லி குப்பி எனக்கு ஐந்து மாதம் வருகிறது.

சந்தன எண்ணெயின் விலை காரணமாக, மலிவான அத்தர்களில் திரவ பாரஃபினைச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. என் குப்பியும் அந்த ரகமாகவே இருக்கும் என்பதால், உயர்ந்த சந்தன அத்தருக்கும் சேர்த்து என்னால் சான்று சொல்ல முடியாது. ஊத் எனப்படும் அகில் வகையை ஒரு கல்யாண வீட்டில் ஒரே ஒரு முறை பூசிக்கொண்டேன். அதை வைத்துக் கருத்துச் சொல்வது நியாயமாகாது.

அத்தரால் எனக்கு நேர்ந்த நட்டம் ஒரு வெள்ளைச் சட்டை: காலரில் தடவிய எண்ணெய்க் கறை எத்தனை துவைத்தும் போகவில்லை. அன்று முதல் தோலில் மட்டுமே பூசுகிறேன். ஸ்ப்ரேயையும் தூக்கி எறியவில்லை; ஆடியில் குற்றாலச் சாரல் காற்று வீசும் நாட்களில் அத்தர் சற்றுக் கனமாகத் தோன்றுவதால், அப்போது மட்டும் அலமாரியிலிருந்து அதை எடுக்கிறேன்.