மலைக்குளிரில் ஒரு கிளாஸ் விஸ்கி: ஒரு டீ மேக்கரின் நீண்டகால அனுபவம்

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடித்து வருபவனுக்கு உடம்பைவிட மூக்கும் காதும்தான் அதிகம் களைத்திருக்கும். கொழுந்தை உருட்டி அரைக்கும் ரோலர்களின் இரைச்சலும், அதை உலர்த்தும் டிரையரின் வெக்கையும், அரைபட்ட கொழுந்தின் மணம் எந்த நேரத்தில் மாறுகிறது என்று முகர்ந்து முகர்ந்து பார்க்கும் கவனமும், வீட்டு வாசலை மிதித்தவுடன் விட்டுப்போவதில்லை. அந்த இறுக்கம் தளர்வதற்காக, கடுமையாக உழைத்த நாட்களில் மட்டும், 30 மில்லிலீட்டர் நல்ல விஸ்கியை ஒரு மணி நேரம் வைத்துக் குடிக்கும் பழக்கம் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. விஸ்கியைப் பற்றி நம்மவர்கள் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் கொழும்பையோ சென்னையையோ போன்ற வெக்கை ஊர்களில் குடிப்பவர்களை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது. இலங்கை மலைநாட்டுக் குளிரில் அது நடந்துகொள்ளும் விதம் வேறு என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஐஸ் விவகாரம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை செல்சியஸ்தான். அலுமாரியிலிருந்து எடுத்த போத்தலே இங்கே போதிய குளிர்ச்சியோடு இருக்கும்போது, அதில் ஐஸ் கட்டியைப் போடுவது கொடுத்த காசை வீணாக்குவதாகும், ஏனென்றால் மணம் தரும் பொருட்கள் ஆவியாகி மேலே எழும்புவதற்குச் சிறிது சூடு தேவை. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் துகள் உறைபனி விழும் இரவுகளில் ஐஸைப் பற்றிய பேச்சே கிடையாது. கிளாஸைச் சில நிமிடங்கள் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்த பிறகே முகர்கிறேன். கிளாஸும் அகன்ற வாயுள்ளதாக இருக்கக்கூடாது. அடி பருத்து வாய் குறுகிய கிளென்கேர்ன் வகைக் கிளாஸ் 2001ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்தது. அது கிடைக்காவிட்டால் சிறிய வைன் கிளாஸே போதுமானது.

குளிர் காரணமாக இன்னொன்றும் நடக்கிறது. குளிர வைத்து வடிகட்டாமல் போத்தலில் அடைக்கப்படும் விஸ்கியில் தண்ணீர் சேர்த்தால், அது இங்கே எளிதில் மங்கலாகிவிடும். எண்ணெய்த் தன்மையுள்ள சில பொருட்கள், குளிராலும் தண்ணீர் சேர்ந்து மதுசாரம் நீர்த்துப்போவதாலும், கரைந்திருக்க முடியாமல் வெளிப்படுவதே அதற்குக் காரணம். அப்படிப்பட்ட போத்தல்கள் பல 46 சதவீத மதுசாரத்தோடு வருவதும் இதனால்தான். கலப்படம் என்று பயந்து யாரும் ஊற்றிவிட வேண்டாம்.

தண்ணீரைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்கொட்லாந்தின் ஐலா தீவில் வடிக்கப்படும் லஃப்ரோய்க் என்ற புகைமணம் மிகுந்த விஸ்கியை முதன்முதலில் முகர்ந்தபோது என் மூளை உடனே சொன்னது, டிரையரில் எங்கோ குழாய் ஓட்டையாகிவிட்டது என்பதுதான். எங்கள் தொழிலில் புகைநாற்றம் என்பது பெரிய குற்றம். விறகு அடுப்பின் புகை, சூடாக்கும் குழாய்களின் வெடிப்பு வழியாகக் கசிந்து தேயிலையில் ஏறிவிட்டால், கொழும்பு ஏலத்தில் தரகர் அந்தத் தேயிலையை ஒரு மிடறிலேயே பிடித்துவிடுவார். விலை விழும், விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். ஐலாக்காரர்களோ, பீட் எனப்படும் முற்றா நிலக்கரியைக் கொளுத்தி, அந்தப் புகையை முளைகட்டிய பார்லியில் வேண்டுமென்றே ஏற்றி, அதற்காகவே கூடுதல் விலையும் வாங்குகிறார்கள். இரண்டு புகையிலும் இருக்கும் முக்கியமான பொருட்களில் ஒன்று குவாயாக்கோல் என்னும் மணப்பொருள். சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் இருவர் 2017ஆம் ஆண்டில் கணினி உருவகப்படுத்தல் மூலம் ஆராய்ந்து, மதுசாரத்தின் செறிவு குறையும்போது குவாயாக்கோல் திரவத்தின் மேற்பரப்புக்கு நெருங்கி வருகிறது என்று காட்டினார்கள். என் அனுபவமும் அதுவே. ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டவுடன் மதுசாரத்தின் எரிவு பின்வாங்கிப் புகை முன்னே வருகிறது. அதற்கு மேல் தண்ணீர் விட்டால் எல்லாமே தட்டையாகிவிடும். இருபது வயதிலிருந்து புகைக்குப் பயந்து பழகிய மூக்கு, அதே புகையை மாலையில் ஆறுதலாக ஏற்றுக்கொள்ளப் பல மாதங்கள் எடுத்தது. ஏற்றுக்கொண்ட பிறகு, மழை விடாது பெய்யும் ஜூன், ஜூலை மாலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான விஸ்கி எனக்குத் தெரியவில்லை. ஒரே குறை, அதன் வாடை விரல்களிலேயே தங்கிவிடுகிறது. மறுநாள் தேநீர் சுவைக்கும் வேலை இருந்தால் நான் அதைத் தொடுவதில்லை.

ஜொனி வோக்கர் பிளாக் லேபல் இங்கே எல்லோரும் அறிந்தது. அதில் கலந்திருக்கும் எந்த விஸ்கியும் பன்னிரண்டு ஆண்டுக்குக் குறைந்ததல்ல, மெல்லிய புகையும் உண்டு, சலிப்பதில்லை. அயர்லாந்தின் ஜேம்சன் மூன்று முறை வடிக்கப்படுவதால் இலேசானது. களைப்பு அதிகமாகி எதையும் ஆராயத் தோன்றாத நாளுக்கு அது நல்லது. புதிய, கரித்த ஓக் பீப்பாயில் முதிரும் அமெரிக்க பேர்பனின் இனிப்பு எனக்குச் சற்று அதிகம். நம் தென்னஞ் சாராயத்தில் முதிர்ந்த வகையைத் தாழ்வாக நினைப்பவர்கள் அதை இதே கிளாஸில், சோடா இல்லாமல், ஒரு முறை முகர்ந்து பார்க்கட்டும்.

ஸ்கொட்லாந்தும் மலைநாடும் பழைய உறவினர். 1867இல் லூல்கந்தரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். மஸ்கெலியா, அப்கொட் பக்கத்தில் ஸ்ட்ராத்ஸ்பே என்றும் கிளெனுகி என்றும் தோட்டங்கள் இருக்கின்றன. முதலாவது, விஸ்கி வடிசாலைகள் நிறைந்த ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயர். இரண்டாவது பெயரில் ஸ்கொட்லாந்தில் ஒரு வடிசாலையே இருந்து 1983இல் மூடப்பட்டது. கிளெனுகியில் கொழுந்து பறித்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்!

போத்தலைப் பாதுகாப்பதில் நம் ஊருக்கென்று சில தொல்லைகள் உண்டு. ஈரப்பதத்தால் லேபலில் பூஞ்சணம் பிடிக்கும். அது உள்ளே இருப்பதைக் கெடுக்காது, துடைத்துவிட்டால் போதும். போத்தலை நிமிர்த்தியே வைக்க வேண்டும், படுக்க வைத்தால் மதுசாரம் தக்கையை அரித்துவிடும். கண்ணாடிப் போத்தலுக்குள் விஸ்கி மேலும் முதிர்வதில்லை. திறக்காதவரை பல ஆண்டுகள் அப்படியே இருக்கும். திறந்து பாதிக்குக் கீழே போய்விட்டால், உள்ளே நிற்கும் காற்று மணத்தை மெல்ல மெல்லத் தின்றுவிடுகிறது. நான் மெதுவாகக் குடிப்பவன் என்பதால், பாதியானதும் மீதியைச் சிறிய போத்தலுக்கு மாற்றிவிடுகிறேன்.

தூக்கத்துக்காகக் குடிக்கிறேன் என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. மதுசாரம் சீக்கிரம் தூங்க வைக்கும். ஆனால் இரவின் பிற்பகுதித் தூக்கத்தைக் குலைத்துவிடும். விடியுமுன்பே ரோலர்கள் ஓடத் தொடங்கும் தொழிலில் இருப்பவனுக்கு அது கட்டுப்படியாகாது. 40 சதவீத விஸ்கி 30 மில்லிலீட்டரில் ஏறக்குறைய ஒன்பதரை கிராம் மதுசாரம் இருக்கிறது. அதைக் கழித்துவிட ஈரலுக்கு ஒரு மணி நேரமோ சற்றுக் கூடவோ ஆகும். ஆகவே இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே, மாலை ஆறரை மணிவாக்கில், என் கிளாஸ் முடிந்துவிடும். இந்த அளவும் உடம்புக்கு நல்லது என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என 2023இல் உலக சுகாதார நிறுவனமே அறிவித்திருக்கிறது. சம்பள நாளில் தவறணைக்கும் கசிப்பு எனும் கள்ளச் சாராயத்துக்கும் போகும் காசு லயத்து அடுப்புகளை எப்படி அணைக்கிறது என்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான், அளவுக் கிண்ணம் இல்லாமல் ஊற்றுவதேயில்லை.

விலையும் ஒரு தடைதான். 1000 ரூபாய் நாட்சம்பளமே நெடுங்காலப் போராட்டத்துக்குப் பிறகு 2021இல் கிடைத்த ஊரில், வரியெல்லாம் ஏறி நிற்கும் ஸ்கொட்ச் போத்தலைக் கடையில் கேட்பதற்கே கூச்சமாக இருக்கும். எனக்கு வருபவை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து திரும்பும் உறவினர்கள் கட்டுநாயக்க விமான நிலையத்தில் தீர்வையின்றி வாங்கி வருபவை. பௌர்ணமியான போயா நாளில் மதுக்கடைகள் மூடியிருப்பது என்னைப் பாதிப்பதில்லை. ஒரு போத்தல் மாதக்கணக்கில் வரும்.

கூட்டமாகக் குடிப்பதற்கு இந்த முறை ஒத்துவராது. தீபாவளிக்கு வரும் மச்சான்மாருக்கு நான் சாராயமும் சோடாவும் பொரித்த கருவாடும்தான் எடுத்து வைக்கிறேன். லஃப்ரோய்க்கை ஒருமுறை முகர்ந்து பார்த்த மூத்த மச்சான், டிஸ்பென்சரி வாடை அடிக்கிறது என்று சொல்லிவிட்டதால், அந்தப் போத்தலை யாரும் கேட்பதும் இல்லை.