ஆனேக்கல் பக்கம் பசு சகியோடு மாடு வளர்த்த அனுபவம்

பெங்களூருக்குத் தெற்கே ஆனேக்கல் தாலுகாவில் மூன்று கறவை மாடு வைத்திருக்கிறோம். மகளிர் குழுவிலிருந்து பயிற்சி எடுத்து வந்து, ஊரிலேயே மாடுகளுக்கு முதலுதவி பார்க்கிறவரைப் 'பசு சகி' என்பார்கள்; அப்படி ஒரு அக்காதான் எங்கள் தெருவில் உள்ள மாடுகளைப் பார்க்கிறார். சில வருஷம் பழகிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், சின்ன மாட்டுக்காரர்களுக்கு இதைவிட உதவியான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

பலன் அதிகம் தெரிந்தது மடிநோயில். முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்க்கச் சொன்னார். பால் திரி திரியாக நின்றால், மடி வீங்கும் முன்பே பிடித்துவிடலாம். கறந்ததும் தீவனம் போட்டு அரை மணி நேரம் மாட்டை நிற்க வைக்கச் சொன்னார். காம்புத் துளை மூட அவ்வளவு நேரம் ஆகும். அதற்குள் படுத்தால் சாணத்துக் கிருமி உள்ளே ஏறிவிடும். இத்தனை வருஷத்தில் வேறு யாரும் எங்களுக்கு இதைச் சொன்னதில்லை.

ஆரம்ப நிலை என்றால், தேசியப் பால்வள வாரியமும் பரிந்துரைக்கும் விழுதுதான்: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50, சுண்ணாம்பு 15. அரைத்தால் செக்கச் சிவந்துவிடும். மடியைக் கழுவி, பாலை ஒட்டக் கறந்துவிட்டு, தண்ணீரில் கரைத்து ஒரு நாளைக்குப் பத்து தடவை, 5 நாள் பூச வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் டாக்டர் சொல்லும் நாள் வரை அந்தப் பாலை டெய்ரிக்கு ஊற்றக் கூடாதே, அந்த நஷ்டத்தை யார் தாங்குவது?

மடி கல்லாக இறுகி மாட்டுக்குக் காய்ச்சலும் அடித்தால் அவர் கை வைக்க மாட்டார். "அண்ணா, இது டாக்டர் வேலை. கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்கு போன் போடுங்க" என்பார். எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்ததே இதனால்தான்.

கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அதன் தேதியும், 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுக்கு ஒரே முறை போடும் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசியும் அவர் நோட்டில் வீடுவாரியாக இருக்கும்.

குறை என்றால் ஒன்றுதான், அது அவருடையது இல்லை. எங்கள் பக்கம் அவருக்கு நிலையான சம்பளம் கிடையாது. குடற்புழு மருந்தைக் கைக்காசில் வாங்கி வருகிறவரிடம் இருபது ரூபாய்க்குப் பேரம் பேசுகிறார்கள். பார்க்கவே வருத்தமாக இருக்கிறது. இப்போது நாங்கள் சில வீடுகள் சேர்ந்து, பால் பணம் வந்ததும் மாட்டுக்கு இவ்வளவு என்று அவருக்கு முதலிலேயே கொடுத்துவிடுகிறோம்.