பிடென், கேஐ-67, டிசைஃபர்: புராஸ்டேட் ஊசித் திசுவை எதற்குச் செலவழிப்பது?

புராஸ்டேட் ஊசித் திசுவில் க்ளீசன் (புற்றின் தரத்தைக் குறிக்கும் மதிப்பெண்) 3+3 அல்லது 3+4 என்று அறிக்கை வந்தபின் எழும் கேள்வி ஒன்றுதான்: கண்காணித்தால் போதுமா, சிகிச்சையை ஆரம்பிப்பதா? அதற்கு உதவும் கூடுதல் சோதனைகளுக்கும் அதே திசுதான் வேண்டும்; ஆனால் ஊசித் துண்டில் கட்டி சில மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். மெழுகு பிளாக்கை மறுபடி வெட்டப் போனால் மட்டம் பிடிப்பதிலேயே திசு கரைந்துவிடும். முதல் வெட்டிலேயே சாயமேற்றாத 4 மைக்ரான் ஸ்லைடுகள் சிலவற்றை எடுத்து வைப்பது நல்லது.

கேஐ-67 (பெருகும் செல்களை நிறமேற்றிக் காட்டும் சாயம்) மலிவு. மார்பகப் புற்றுக்காகப் பெரும்பாலான ஆய்வகங்களில் ஏற்கெனவே இருக்கும். தொல்லை எண்ணுவதில்தான். புராஸ்டேட் கட்டி மெதுவாகப் பெருகுவது. 200 செல் எண்ணினால் ஒரு செல்லே அரை சதவீதம். அழற்சி இருந்தால் நிணச்செல்களும் நிறமேறிக் கணக்கில் நுழைந்துவிடும். எத்தனை சதவீதத்துக்கு மேல் ஆபத்து என்று எல்லோரும் ஏற்ற வெட்டுப்புள்ளியும் கிடையாது.

பிடென் (கட்டி வளர்ச்சியைத் தடுக்கும் புரதத்தைக் காட்டும் சாயம்) இதற்குத் தலைகீழ்: நிறம் இல்லாமல் போவதுதான் அங்கே செய்தி. அதனால்தான் ஏமாற்றவும் செய்யும். பார்மலினில் சரியாகப் பதப்படாத திசுவும் வெளுத்தே தெரியும். பக்கத்துச் சாதாரணச் சுரப்பியும் இடைத்திசுவும் நிறமேறியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அந்த ஸ்லைடைப் படிக்கவே கூடாது. சில சுரப்பிகளில் மட்டும் இழப்பு இருந்தால் அப்படியே எழுதுங்கள், சராசரி போடாதீர்கள். 3+3 துண்டில் பிடென் இழப்பு தெரிந்தால், ஊசி படாத இடத்தில் உயர்தரக் கட்டி இருக்கலாம் என்ற சந்தேகம் வலுக்கிறது. பிடென் அப்படியே இருப்பதால் மட்டும் நிம்மதி கொள்ள முடியாது. முதன்மைக் கட்டிகளில் பெரும்பாலானவை அப்படித்தான்.

ஈஆர்ஜி என்ற இன்னொரு புரதத்துக்கான சாயம் புற்றா என்று உறுதிசெய்ய உதவும். முன்னேற்றத்தைக் கணிக்க அதை நம்ப வேண்டாம்.

மரபணுக்கள் எவ்வளவு இயங்குகின்றன என்று அளக்கும் ஆர்என்ஏ சோதனைகளில் டிசைஃபர் 22 மரபணுக்களைப் பார்த்து 0 முதல் 1 வரை மதிப்பெண் தரும்: 0.45-க்குக் கீழே குறைந்த ஆபத்து, 0.60-க்கு மேலே அதிகம். ப்ரோலாரிஸ் 31 செல் சுழற்சி மரபணுக்களை அளக்கிறது. கேஐ-67 கேட்கும் அதே கேள்விதான், கண்ணால் எண்ணும் தடுமாற்றம் மட்டும் இல்லை. செலவோ பல மடங்கு. எந்தத் துண்டை அனுப்பினோமோ அதற்கு மட்டுமே பதில் வரும்; ஆகவே க்ளீசன் தரம் அதிகமுள்ள துண்டையே அனுப்ப வேண்டும்.

கையிருப்பு ஒரு ஸ்லைடுதான் என்றால் பிடென். இரண்டு சிகிச்சை வழிகளுக்கு நடுவே உண்மையிலேயே தடுமாற்றம் இருந்தால் மட்டும் ஆர்என்ஏ. அறுவை முடிவாகிவிட்டதா? ஊசித் துண்டை விட்டுவிடுங்கள். சில வாரத்தில் முழுச் சுரப்பியே மேசைக்கு வரும்.