419 டொலருக்கு ஒரு ஸ்கோப்: வாங்க நினைக்கிறவர்கள் வாசித்துவிட்டு வாங்குங்கள்

துவக்கில் பூட்டிக் குறிபார்க்கிற தூரக்கண்ணாடி, அதாவது ஸ்கோப், வாங்கி நான் ஏமாந்த கடையிலிருந்து நேற்றுப் பின்னேரம் கடைசிப் பதிலும் வந்துவிட்டது. "இந்த விடயம் இத்துடன் முடிந்ததாகக் கருதுகிறோம்" என்று ஒரேயொரு வரி. அவர்களுக்கு முடிந்துவிட்டது, எனக்கு 419 டொலர் போய்விட்டது. இரவு நித்திரை வரவில்லை. அந்தக் கடுப்பு ஆறமுதலே எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மெல்பேர்ணில் எங்கட ஆக்கள் கன பேர் இப்போது வேட்டை லைசென்ஸ் எடுக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது இந்தக் கிடங்கில் விழாமல் இருக்கட்டும். கையைக் கடிக்காத விலையில் நல்ல ஸ்கோப்பும் அதைத் துவக்கில் பிடிக்கிற மவுண்டும் எப்படித் தெரிவு செய்வது என்பதையும் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. வேட்டை, மீன்பிடி, கூடாரச் சாமான் எல்லாம் விற்கிற ஒரு இணையக் கடை, அவ்வளவுதான். முறைப்பாடு முடியும்வரை பெயரை வெளியில் விடவேண்டாம் என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

துவக்கில் ஒரு பிழையும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜப்பான் ஹோவா 1500, .308 வின்செஸ்டர், செகண்ட் ஹாண்ட். இங்கே விக்டோரியாவில் சாம்பர் மானுக்கு .270க்குக் குறைந்த கலிபரும் (குழல் விட்டம்) 130 கிரேன் எடைக்குக் குறைந்த குண்டும் சட்டப்படி ஆகாது, அதனால்தான் .308. சாம்பர் என்றால் வேறொன்றுமில்லை, எங்கட வன்னி மரைதான். 1860களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுவந்து விட்டது, மலையெல்லாம் பெருகிப்போய் நிற்கிறது. ஊரில் அதைத் தொட்டால் சட்டம் பாயும். இங்கே லைசென்ஸோடு காலடி பார்த்து வேட்டையாடுகிறவனுக்கு வருசம் முழுக்கக் காலம், எண்ணிக்கைக்கும் வரம்பில்லை. அம்மம்மா மரை வத்தல் கதை சொல்லி வளர்த்த பிள்ளைக்கு இதைக் கேட்டால் எப்படி இருக்கும்!

துவக்கு வாங்க நான் பட்ட பாடு வேறு. 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுடப்பட்டு இறந்த பிறகு வந்த சட்டங்கள் லேசானவை அல்ல. லைசென்ஸ், பொலிஸ் அனுமதி, லைசென்ஸ் உள்ள டீலர், வீட்டில் இரும்புப் பெட்டி என்று ஒவ்வொரு படியிலும் ஒருவர் நின்று பார்த்தார். அதனால் எனக்குள் ஒரு நினைப்பு வந்துவிட்டது, இந்தத் துறையில் ஏமாற்று வேலைக்கு இடமில்லை என்று. ஸ்கோப்புக்கு அப்படி ஒன்றுமே இல்லை என்பது மண்டையில் ஏறவேயில்லை. தேத்தண்ணிக் கேத்தல் விற்கிற மாதிரி அதை யாரும் விற்கலாம்.

நான் தேடியது ஸ்கோப், பேஸ் (துவக்கில் திருகாணியால் பூட்டுகிற அடித்தட்டு), ரிங் (ஸ்கோப்புக் குழாயைப் பிடிக்கிற வளையம்) மூன்றும் சேர்த்து 450 டொலருக்குள். இந்தக் கடையில் "ஹோவா, ரெமிங்டன் 700 இரண்டுக்கும் பொருந்தும் முழு செட்" என்று ஒன்று கிடந்தது. 4-16×50 (4 முதல் 16 மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 50 மில்லிமீட்டர்), 30 மில்லிமீட்டர் குழாய், சிவப்பு வெளிச்சம், "இரும்பு ரிங்", ஆயுள்கால உத்தரவாதம். விலை 449. படத்தைப் பார்த்தால் ராணுவக்காரன் கையில் இருக்கிற சாமான் மாதிரி.

சும்மா அமத்தி வாங்கவும் இல்லை. போன் எடுத்துக் கதைத்தேன். அந்த ஆள் அரை மணித்தியாலம் என்னோடு கதைத்தான். அந்த அரை மணித்தியாலத்தில்தான் நான் விழுந்தேன். என்ன துவக்கு, எங்கே போகிறாய், எத்தனை மீட்டரில் சுடுவாய் என்று கேட்டான். டார்கோ மலைப் பக்கம் என்றேன். தானும் அங்கேதான் போவேன் என்றான், காலை வெயில் படுகிற சரிவில் மான் வந்து படுக்கும், காற்றைப் பார்த்து ஏறு என்றான். சொன்னது அவ்வளவும் சரி, அதுதான் வயிற்றெரிச்சல். பொய்க்காரன் எல்லாவற்றிலும் பொய் சொல்வதில்லை. கடைசியாக, "இதே செட்டைத்தான் என்ட துவக்கிலும் பூட்டியிருக்கிறேன், மேட்" என்றான். அப்புறம் குரலைத் தணித்து, கார்ட்டில் கட்டினால் 449, பாங்குக்கு நேரே போட்டால் உனக்காக 419 என்றான். 30 டொலர் மிச்சம் என்று எனக்குச் சந்தோசம். போனை வைக்க முதலே காசு போய்விட்டது.

"மெல்பேர்ண் ஸ்டொக், மூன்று நாளில் வரும்" என்றது பத்தொன்பது நாளில் வந்தது, வெளிநாட்டு முத்திரையோடு. அப்போதே விழித்திருக்க வேண்டும்.

பெட்டியைத் திறந்தேன். குழாய் 30 மில்லிமீட்டர் என்றார்களே, கண்ணுக்கே மெல்லிசாகத் தெரிந்தது. விட்டம் அளக்கிற கலிப்பர் கருவி வைத்து அளந்தால் 25.4. அதாவது ஒரு அங்குலக் குழாய். ரிங் மட்டும் 30. இடைவெளியை நிரப்ப இரண்டு கறுப்புப் பிளாஸ்டிக் வளையம் போட்டு அனுப்பியிருந்தார்கள். போன் எடுத்தேன். "எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள் மேட், பிரச்சினை வராது." நானும் நம்பினேன். புதிதாகப் பழகுகிறவனுக்கு எது சரி, எது பிழை என்று எப்படித் தெரியும்?

பூட்டும்போது இன்னொரு கூத்து. பேஸுக்கு நான்கு திருகாணி, 6-48 அளவு, நான்கும் ஒரே நீளம். இறுக்கிவிட்டு, ரவையை உள்ளே தள்ளி மூடுகிற போல்ட்டை மூடப் பார்த்தால் கடைசி இழுப்பில் பிடித்துக்கொள்கிறது. துவக்கு பழுதோ என்று நெஞ்சு பக்கென்றது. எங்கட வேட்டைக் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர், நாங்கள் பெரியண்ணை என்று கூப்பிடுகிறவர், வந்து பார்த்தார். முன் பேஸின் திருகாணியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நுனியில் மினுக்கமாக ஒரு தேய்ப்பு. ஆணி நீளம் கூடி உள்ளே எட்டிப் பார்த்து போல்ட்டில் முட்டியிருக்கிறது. "தம்பி, உந்தக் குளிர்சாதனப் பெட்டிக் காந்தத்தைக் கழற்றிக்கொண்டு வா" என்றார். ரிங்கில் வைத்தார். டொக்கென்று கீழே விழுந்தது. அலுமினிய ரிங்கில் ஒரு குறையும் இல்லை, நல்ல கம்பனிகளும் அலுமினியத்தில் செய்கிறார்கள். ஆனால் இரும்பு என்று எழுதி விற்றுவிட்டு அலுமினியத்தை அனுப்பினால் அதற்குப் பெயர் என்ன?

ஆணியைக் குறுக்கி, ரிங்கை முறுக்கு அளக்கிற சாவியால் 18 அங்குல-பவுண்ட் மட்டும் இறுக்கிப் பூட்டினோம். பெரியண்ணை சொன்னபடி, குழாயும் ரிங்கும் சேரும் இடத்தில் மனைவியின் நகப்பூச்சால் மெல்லிசாக ஒரு கோடு போட்டேன். லிட்டில் ரிவர் ஈகிள் பார்க் சுடுதளத்துக்குப் போனோம். 100 மீட்டர். முதல் ஐந்து ரவை கடதாசியில் ஐந்து திக்கில். பத்தாவது ரவைக்குப் பிறகு நகப்பூச்சுக் கோட்டைப் பார்த்தால், சிவப்புக் கோடு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது, நடுவில் மூன்று மில்லிமீட்டர் கறுப்பு. ஒவ்வொரு உதைப்புக்கும் ஸ்கோப் பிளாஸ்டிக் வளையத்துக்குள் முன்னே வழுக்கியிருக்கிறது.

சரி, ரிங்தான் பிழை போலும் என்று, ஒரு அங்குல ரிங் தனியாக வாங்கிப் பூட்டி அடுத்த சனி திரும்பப் போனேன். இப்போது கோடு அசையவில்லை. குண்டு அசைந்தது. ஸ்கோப்பின் குமிழைத் திருப்பினால் குறி கிளிக் கிளிக்காக நகரும். கால் எம்ஓஏ (குறியின் நகர்வை அளக்கிற கோண அளவு) கிளிக் என்றால் 100 மீட்டரில் ஒரு கிளிக்குக்கு ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் நகரவேண்டும். 40 கிளிக் மேலே ஏற்றினேன், 29 சென்டிமீட்டர் ஏறியிருக்க வேண்டும். ஏறியது 17. வலப்பக்கம் 40, கீழே 40, இடப்பக்கம் 40 என்று சதுரமாகச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்தேன். ரவை விழுந்தது ஒன்பது சென்டிமீட்டர் தள்ளி. பெரியண்ணை பேசாமல் தன் துவக்கிலிருந்த பழைய 3-9×40ஐக் கழற்றி என்னுடையதில் பூட்டினார். மூன்று ரவை, ஒரு பேணி மூடிக்குள். துவக்கும் சரி, சுடுகிறவனும் சரி.

இனி, அவர்கள் தட்டிக்கழித்த கதை. முதல் போனில் "நீ இறுக்கியது காணாது, மேட்." படம் அனுப்பினேன். இரண்டாம் முறை "நீ அளவுக்கு மேல் இறுக்கியிருக்கிறாய், குழாயில் அடையாளம் தெரிகிறது, உத்தரவாதம் இல்லை." இறுக்கம் காணாது என்றவனும் இறுக்கம் கூடிவிட்டது என்றவனும் ஒரே ஆள்! மூன்றாம் முறை, செய்த கம்பனிக்கு அனுப்பு, தபால் செலவு உன்னுடையது என்றான். அந்தக் கம்பனியின் மின்னஞ்சலுக்கு எழுதினால் முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. நான்காம் முறை போன் எடுத்தால் ஆளே இல்லை, வேறொரு பிள்ளை எடுத்து, திருப்பிக் கொடுக்க 14 நாள்தான், உங்களுக்கு நாள் கடந்துவிட்டது என்றது. அந்த 14 நாளை எண்ணியது அவர்கள் காசு வாங்கிய நாளிலிருந்து. சாமான் என் கையில் கிடைக்க முதலே நாள் கடந்துவிட்டது! ஐந்தாம் முறை, "நல்லெண்ண அடிப்படையில்" அதே கடையில் செலவழிக்க 40 டொலர் கூப்பன். 419 கட்டியவனுக்கு 40. அந்தக் கடிதத்தில் "மேட்" இல்லை. "அன்பான வாடிக்கையாளரே" ஆகிவிட்டேன்.

இதற்கிடையில் ஈஸ்டர் லீவு வந்தது. ஆறு மாதமாகத் திட்டம் போட்ட பயணம். எங்கே படும் என்று தெரியாத துவக்கை ஒரு உயிரைப் பார்த்து நீட்டக்கூடாது, காயத்தோடு பற்றைக்குள் ஓடிவிட்டால் அது எங்கேயோ கிடந்து துடித்துத்தான் சாகும். துவக்கை வீட்டுப் பெட்டியில் பூட்டிவிட்டு, இந்தக் கண்ணாடியாவது தூரம் பார்க்க உதவும் என்று ஸ்கோப்பை மட்டும் கொண்டுபோனேன். விடிய, குளிரில் பையிலிருந்து எடுத்தால் உள்ளே பனிப்புகார். வெளியே இல்லை, துடைக்க ஏலாது, கண்ணாடிக்கு உட்பக்கம். உள்ளே ஈரம் பிடிக்காமல் நைட்ரஜன் அடைத்து மூடியது என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. மச்சானுக்கு ஒரு கொம்பன் மரை கிடைத்தது. நான் ஒரு பின்தொடையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மணித்தியாலம் மலை இறங்கினேன்.

அறிவுரை என்று தொடங்கினேன், இப்போது எழுதக் கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவும். பாங்குக்கு நேரே காசு போடாதீர்கள். கார்ட்டில் கட்டியிருந்தால் பாங்க் மூலம் திருப்பிக் கேட்டிருப்பேன், 30 டொலர் தள்ளுபடி எதற்கு என்று இப்போது விளங்குகிறது. 16 மடங்கு, சிவப்பு வெளிச்சம், 50 கண்ணாடி எல்லாம் மலிவு விலையில் ஒரே பெட்டியில் வந்தால் விலகிப் போங்கள், காட்டுக்கு 3-9×40 தாராளம். குழாய் அளவும் ரிங் அளவும் ஒன்றா என்று எழுத்தில் கேளுங்கள். ஸ்கோப்பும் மவுண்டும் ஒரே செட்டாக வாங்காதீர்கள். வந்த கிழமையே சுடுதளத்தில் அந்தச் சதுரத்தைச் சுட்டுப் பாருங்கள், என்னைப் போல் இழுத்தடிக்காதீர்கள். கடைக்காரன் "செய்த கம்பனியிடம் போ" என்றால் போகாதீர்கள். அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி விற்றவன்தான் பொறுப்பு, விளம்பரத்தில் சொன்னதற்கும் அனுப்பிய சாமானுக்கும் பெரிய வித்தியாசம் என்றால் காசைத் திருப்பிக் கேட்கிற உரிமை வாங்கியவனுடையது, கடையின் 14 நாள் அதை மறிக்காது. இது எனக்கு மூன்றாம் தட்டிக்கழிப்புக்குப் பிறகுதான் தெரிந்தது.

நுகர்வோர் அலுவலகத்துக்கு எழுதியாயிற்று. அதிலும் சரிவராவிட்டால் விக்டோரியாவின் வீகேட் தீர்ப்பாயம். கட்டணம் கட்டி, ஒரு நாள் லீவும் போட்டு 419 டொலருக்கு அலைகிறதா என்று மச்சான் கேட்கிறான். அலையத்தான் போகிறேன்.

இன்று காலை அந்தக் கடையின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதே செட், அதே படம், அதே "இரும்பு ரிங்". மேலே சிவப்பெழுத்தில் "இரண்டு மட்டுமே மிச்சம், முந்துங்கள்". நான் வாங்கின அன்றும் இரண்டுதான் மிச்சம் இருந்தது.