பெரிய மீனுக்கான "ரிலீஸ் கிட்"னு சொல்லி 8,500 அடிச்சுட்டான், வாங்குறதுக்கு முன்னாடி இதை படிங்க

கோவத்துல டைப் பண்றேன், முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. பெரிய மீனை புடிச்சு உயிரோட திரும்ப விடுறதுக்கு என்னென்ன சாமான் வாங்கணும்னு விவரமா எழுதுறேன்னு சொல்லியிருந்தேன்ல, அதுக்கு பதிலா இது தான் வருது. 8,500. முழுசா 8,500 போச்சு.

ஒரு ஆன்லைன் ஷாப்பிங் ஆப், பேரெல்லாம் வேண்டாம், அதுல மீன்பிடி சாமான் மட்டும் விக்கிற ஒரு செல்லர். "பெரிய வேட்டை மீனுக்கான முழு செட்"னு போட்டிருந்தான். ஆழமான லேண்டிங் நெட் (தூண்டில்ல மாட்டின மீனை கரைசேர்க்குற கைப்பிடி வலை), லிப் கிரிப் (மீனோட தாடையை கவ்வி புடிக்கிற கருவி), நீள மூக்கு ப்ளையர், மீனை படுக்க வைக்க மேட், எடை தராசு. எனக்கு முக்கியமா வேண்டியது நெட் தான். கொடுவாவுக்கு போறவங்களுக்கு தெரியும், சின்னதுல ஆணா இருந்து வளர்ந்தப்புறம் பொண்ணா மாறுற மீன் அது, அதனால பெரிய உருப்படின்னாலே பெரும்பாலும் முட்டை போடுற தாய் மீன் தான். அதை சேதாரம் இல்லாம விடணும்னா முடிச்சு இல்லாத ரப்பர் பூசின வலை வேணும். முடிச்சு போட்ட நைலான் வலைன்னா மீன் மேல இருக்குற வழவழப்பை சுரண்டி எடுத்துடும், அது போனா புண்ணு பூஞ்சைன்னு ஆரம்பிக்கும், வால் துடுப்பு கண்ணிக்குள்ள போய் கிழியும், ட்ரெபிள் ஹூக், அதாவது மூணு முள் சேர்ந்த தூண்டில் கொக்கி, அது வேற நூல்ல குத்தி சிக்கிக்கும்.

இதெல்லாம் தெரிஞ்சு தான் காசு கட்டுறதுக்கு முன்னாடியே சாட்ல கேட்டேன், "ப்ரோ, நெட் முடிச்சில்லாத ரப்பர் தானே?"னு. பதிலை டைப் பண்ணாம வாய்ஸ் மெசேஜ் அனுப்புறான். "அண்ணே நானும் தூண்டில் போடுற ஆளு தாண்ணே, புடிச்சதை திரும்ப விடுற ஆளு, ரப்பர் தான், நான் யூஸ் பண்றதே இது தான், கண்ண மூடிட்டு வாங்குங்க." பின்னாடி தண்ணி சத்தம் கூட கேட்டுச்சு! கூடவே ஒரு வீடியோ, பெரிய கொடுவா ஒண்ணு கறுப்பு ரப்பர் வலைக்குள்ள புரளுது. இதுக்கு மேல ஒரு மனுஷன் என்னத்த விசாரிப்பான்? அப்பவே 8,500 கட்டினேன்.

வந்ததை பிரிச்சு பார்த்தா கறுப்பா, கெட்டியா, சரியா தான் தெரிஞ்சுது. கரையில போய் வலையை நனைச்சு கையால ஒரு தடவை உருவுறேன், பெருவிரல் ரெண்டும் கறுப்பு. உரிஞ்சு வர்றது பெயிண்ட். அடியில முடிச்சு முடிச்சா சாதா நைலான், முடிச்சு தெரியாம இருக்க பெயிண்டை அப்பி மழுப்பியிருக்கான் அயோக்கியன். அந்த நேரம் பார்த்து நல்ல சைஸ் கொடுவா ஒண்ணு அடிச்சுது, கையில வேற நெட் இல்ல. கூட வந்த தம்பி நெட்டை போட்டான், தூக்கக்கூட இல்ல, கரைப்பக்கம் இழுத்தான் அவ்வளவு தான், கைப்பிடியும் வளையமும் சேர்ற பிளாஸ்டிக் துண்டு படக்குனு போச்சு. மீன் உருண்டதுல ட்ரெபிளோட ரெண்டு முள் வலையில, ஒண்ணு மீன் வாயில. ப்ளையரை எடுத்தா ரிவிட் ஆடுது, மூக்கு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்குது, முள்ளை புடிக்கவே மாட்டேங்குது. கொடுவா செவுள் மூடியோட ஓரம் பிளேடு மாதிரி, தம்பி விரல்ல ஆழமா கிழிச்சிடுச்சு. 1992ல ட்ரவுட் மீனை வச்சு செஞ்ச ஒரு ஆய்வு இருக்கு, ஓட விட்டு களைச்ச மீனை 30 செகண்ட் காத்துல வச்சா 38 சதவீதம் செத்துச்சு, 60 செகண்ட் வச்சா 72. நாங்க இந்த ப்ளையரோட மல்லுக்கட்டினது அதுக்கும் மேல இருக்கும். கடைசில வலையை கத்தியால அறுத்து தான் எடுத்தோம். தண்ணிக்குள்ள நிமித்தி புடிச்சு ரொம்ப நேரம் கழிச்சு மெதுவா போச்சு, பொழைச்சிருக்குமான்னு சந்தேகம் தான்.

அந்த எடை தராசை பத்தி சொல்லல பாருங்க, கொக்கியை செவுள்ல மாட்டி தொங்க விடுற மாதிரி அட்டையில படம் போட்டிருக்கான். இவன் தான் திரும்ப விடுற ஆளாம்.

அப்புறம் ஆரம்பிச்சுது பாருங்க. போட்டோ அனுப்புங்கண்ணேன்னான், அனுப்பினேன். வீடியோ வேணும்னான், பெயிண்ட் உரியறதை எடுத்து அனுப்பினேன். ரெண்டு நீல டிக் வந்துச்சு, பதில் வரல. திரும்ப திரும்ப கேட்டப்புறம், "இது லைட் யூஸுக்கு தாண்ணே, பெரிய மீனை போட்டா உடையத்தான் செய்யும்". டேய், விக்கும்போது வச்ச பேரே பெரிய மீன் செட் தானடா! ஆப் கஸ்டமர் கேர் அதுக்கு மேல. "சார், பொருள்ல ஈரம் பட்டிருக்கு, யூஸ் பண்ண பொருளை ரிட்டர்ன் எடுக்க முடியாது." மீன் வலையில ஈரம் படாம? வாய்ஸ் மெசேஜ் இருக்குன்னு சொன்னா அது வெளில நடந்த பேச்சு, எங்களுக்கு சம்பந்தம் இல்லைங்கிறாங்க. ஒரு ஸ்டார் போட்டு எழுதின ரிவ்யூ விதிமுறைப்படி இல்லைன்னு தூக்கிட்டாங்க. கம்ப்ளைன்ட் "தீர்க்கப்பட்டது"ன்னு மெசேஜ். எதை தீர்த்தாங்க, என் 8,500ஐ தான்.

சரி, சாமான் லிஸ்ட்டு விவரமா எழுதுற மனநிலை இல்ல, அவசரத்துக்கு இதை மட்டும் புடிச்சுக்கோங்க. நெட்டை நேர்ல தொட்டு, நனைச்சு, நகத்தால சுரண்டி பார்த்து வாங்குங்க. கைப்பிடி சேர்ற இடம் மெட்டலான்னு பாருங்க, மெட்டலா இருந்தாலும் மீன் உள்ள இருக்கும்போது கைப்பிடியால தூக்காதீங்க, வளையத்தை புடிங்க. லிப் கிரிப்புல பெரிய மீனை செங்குத்தா தொங்க விடாதீங்க, தாடையும் முதுகெலும்பும் போயிடும், வயித்துக்கு அடியில இன்னொரு கை குடுங்க. சீலா மாதிரி பல்லு மீனுக்கு வயர் லீடர் (முள்ளுக்கு முன்னாடி கட்டுற கம்பி) இல்லாம போகாதீங்க, நூலை அறுத்துட்டு வாயில முள்ளோட திரியும். முள்ளு நுனிக்கு பக்கத்துல பின்னோக்கி நீட்டிட்டு இருக்குற எதிர்முள்ளை நசுக்கிடுங்க, அப்ப தான் முள் சுலபமா கழலும். அப்புறம் ஹூக்கையே வெட்டுற அளவுக்கு ஒரு கட்டர் தனியா வாங்கி வச்சுக்கோங்க, எந்த செட்லயும் அதை போட மாட்டானுங்க, அன்னைக்கு அது ஒண்ணு இருந்திருந்தா வலையை அறுத்துட்டு இருந்திருக்க வேண்டியதில்ல.