வைக்கோல் முகடா, வழிப்போக்கர் தெருவா? மைன்கிராஃப்டில் ஒரு ஜப்பானியக் கிராமம்

பிளாக் பிளாக்காக அடுக்கிக் கட்டும் கணினி விளையாட்டான மைன்கிராஃப்டில் ஜப்பானியக் கிராமம் கட்டப்போகிறேன் என்று யார் சொன்னாலும் முதலில் எழுவது ஒரு சிவப்பு தோரி வாயில். அடுத்து ஐந்தடுக்குப் பகோடா, பிறகு திரும்பிய பக்கமெல்லாம் செர்ரி மரம். 2023இல் வந்த 1.20 பதிப்பு செர்ரித் தோப்பையும் மூங்கில் பலகையையும் கொடுத்த பிறகு இந்த வழக்கம் இன்னும் கூடிவிட்டது. தோரி ஷின்டோ கோயிலுக்கு உரியது, பகோடா பௌத்த விகாரைக்கு உரியது. உழவரும் வணிகரும் குடியிருந்த ஊரோ மரமும் மண்ணும் புல்லுமாக நிறம் மங்கித்தான் இருந்தது. அப்படி ஓர் ஊரை, பொருளையெல்லாம் நாமே சேர்க்க வேண்டிய சர்வைவல் முறையில் கட்ட எனக்குத் தெரிந்து மூன்று நல்ல முன்மாதிரிகள் உண்டு: ஷிராகவா-கோ, ட்சுமாகோ, இனே.

கிஃபு மாகாணத்து ஷிராகவா-கோவின் ஒகிமாச்சி ஊர், 1995இல் கொகயாமா ஊர்களோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அங்குள்ள வீட்டுப் பாணிக்கு கஷ்ஷோ என்று பெயர். கும்பிடும் கைகள் என்று பொருள். பனி நிற்காமல் வழிய வேண்டும் என்பதற்காகக் கூரை ஏறத்தாழ 60 பாகை சாய்ந்திருக்கும். இங்கேதான் முதல் சிக்கல். விளையாட்டின் படிகள் 45 பாகையில் நின்றுவிடுகின்றன. அந்தச் சாய்வில் கட்டினால் கஷ்ஷோ வீடு சாதாரணக் கொட்டகையாகிவிடும். ஒரு பிளாக் உள்ளே, இரண்டு பிளாக் மேலே என்று ஏற்றிப் பாருங்கள். 63 பாகை கிடைக்கும், கண் ஏற்றுக்கொள்ளும்.

இனிக் கணக்கு. அகலம் 12, நீளம் 18 என்று அளவான ஒரு வீடு. ஒரு பக்கச் சாய்வுக்கு நீளத்தின் ஒவ்வொரு வரிசையிலும் 12 வைக்கோல் கட்டு, இரு பக்கமும் 24. மொத்தம் 432 கட்டு. ஒரு கட்டுக்கு ஒன்பது கோதுமை என்றால் 3,888 கோதுமை. நடுவில் தண்ணீர் விட்ட ஒன்பதுக்கு ஒன்பது வயலில் 80 செடிகள்தான் நிற்கும். ஏறக்குறைய 49 அறுவடை. இது ஒரே ஒரு வீட்டின் கூரை, அதுவும் ஒற்றை அடுக்கு. பொருள் அளவில்லாமல் கிடைக்கும் கிரியேட்டிவ் முறையில் இந்தக் கூரை வெறும் வடிவம். சர்வைவலில் அது உழைப்பு. உண்மையான ஒகிமாச்சியிலும் அப்படித்தான்: கூரை மாற்ற ஊரே திரளும் கைமாற்று உழைப்புக்கு ‘யுய்’ என்று பெயர். இன்று உன் வீடு, நாளை என் வீடு.

உள்ளே செய்ய வேண்டியதும் நிறைய. பரணில் அடுக்கடுக்காகப் பட்டுப்புழு வளர்த்தார்கள். தரைக்குக் கீழே வெடியுப்பு விளைவித்தார்கள். விளையாட்டில் கிரீப்பர் என்ற வெடிக்கும் உயிரியைக் கொன்று வெடிமருந்து சேர்ப்பவர்களுக்கு இந்தச் செய்தி பிடிக்கும். நடுவில் ‘இரோரி’ என்ற அடுப்புக் குழி. புகைபோக்கி கிடையாது, மேலேறும் புகை புல்லையும் கயிற்றையும் பூச்சி அரிக்காமல் காத்தது. என் முதல் வீட்டில் இரோரிக்காக, தீ அணையாமல் எரியும் நெதர்ராக் பிளாக்கைப் பதித்து நெருப்பு மூட்டினேன். சுரங்கத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் கூரையில் பாதி இல்லை. கேம்ப்ஃபயர் வைத்திருந்தால் தீ பரவியிருக்காது. அதன் அடியில் ஒரு வைக்கோல் கட்டைப் புதைத்தால் புகை இன்னும் உயரமாக எழும் என்பதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். இன்னொரு தொல்லை: கூரையின் ஒவ்வொரு படியும் முழு பிளாக் என்பதால், விளக்கு வைக்காவிட்டால் இரவில் முகட்டின் மேல் ஸாம்பி நிற்கும்.

ட்சுமாகோ வேறு ரகம். எடோவையும் (இன்றைய டோக்கியோ) கியோத்தோவையும் மலை வழியாக இணைத்த நகசென்தோ சாலையின் 69 தங்கல் ஊர்களில் 42ஆவது அது. கூரை தணிந்தது, மரச்சில்லு வேய்ந்து, காற்றில் பறக்காமலிருக்க மேலே கல் வைத்திருப்பார்கள். அரை பிளாக் உயரமுள்ள ஸ்ப்ரூஸ் மர ஸ்லாபைக் கீழ், மேல் என்று மாற்றி மாற்றி ஏற்றினால் அந்தச் சாய்வு வந்துவிடும். கல்லுக்குக் கல் பொத்தான். அது மேல் ஸ்லாபில் மட்டுமே ஒட்டும் என்பதால் ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் கற்கள் தாமாகவே ஒழுங்காக அமைகின்றன. கீழ் ஸ்லாபில் உயிரிகள் தோன்றா. விளக்குக் கவலை பாதியாகக் குறைகிறது. எட்டுக்குப் பன்னிரண்டு கூரைக்கு 96 ஸ்லாப், அதாவது 12 மரத்துண்டு. கோதுமைக் கணக்கை எண்ணி நான் சிரித்துக்கொண்டேன். ட்சுமாகோ இருக்கும் கிஸோ மலைப்பகுதியின் அந்தக் காலத்து மக்கள் நம்மைப் பார்த்துச் சிரித்திருக்கமாட்டார்கள்: அங்கே ஹினோகி மரத்தைத் திருட்டுத்தனமாக வெட்டினால் ‘மரம் ஒன்று, தலை ஒன்று’ என்பது அன்றைய சட்டம்.

இந்தத் தெருவில் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும், முகடு தெருவுக்கு இணையாக ஓடும். ஆகவே ஒரு வீட்டைச் சரியாகக் கட்டினால் மற்றவற்றில் கம்பிச் சட்டத்தையும் மாடி நீட்டத்தையும் மாற்றினால் போதும். காகிதக் கதவுக்கு பிர்ச் டிராப்டோர் பொருத்தமாக இருக்கிறது. ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: மசுகதா. படை நேராகப் புகுந்துவிடாமல் தங்கல் ஊர்களின் சாலையை வேண்டுமென்றே இருமுறை ஒடித்திருப்பார்கள். விளையாட்டில் அதன் பயன் வேறு. தெருவின் கோடி கண்ணுக்குத் தெரியாததால், ஒன்பது வீடு முப்பது வீடு போலத் தோன்றுகிறது.

இனே பற்றி அதிகம் சொல்ல இல்லை. கியோத்தோ மாகாணத்துக் கடலோரத்தில் கீழே படகு, மேலே பரண் என்று ஏறக்குறைய 230 ‘ஃபுனயா’ படகு வீடுகள். அந்த விரிகுடாவில் அலை ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. ஏற்ற இறக்கமே இல்லாத விளையாட்டுக் கடலுக்கு இயல்பாகப் பொருந்துகிறது. வாசலை இரண்டு பிளாக் அகலம் விடுங்கள், ஒன்றில் படகு நுழையாது. அழகுதான். ஆனால் தண்ணீருக்குள் தூண் நடும் வேலை எனக்குச் சலித்துவிட்டது.

தனியாக விளையாடுகிறவருக்கு நான் ட்சுமாகோவைத்தான் சொல்வேன். நான்கைந்து பேர் ஒரே உலகில் இருந்தால் யோசிக்காமல் ஒகிமாச்சி; ‘யுய்’ இல்லாமல் அந்தக் கூரை ஏறாது. என் உலகில் ஒன்பது வீட்டுத் தெரு முடிந்துவிட்டது. கிஸோவையும் ஷிராகவாவையும் ஒரே தெருவில் கலக்க மனம் வராமல், மலைக்கு அப்பால் வேறொரு பள்ளத்தாக்கில் கஷ்ஷோ வீடு ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். ஒரு பக்கம் வேய்ந்தாகிவிட்டது. மறுபக்கத்துக்கு இன்னும் 216 கட்டு வேண்டும். பெட்டியில் இருப்பது முப்பத்தொன்று.